இரண்டு டிரான்சிஸ்டரையும் திருப்பிப் போடுங்கள், தம்பி

கேள்வி: அண்ணா, நான் பாளையங்கோட்டையில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன். கிட்டார் ஒலியை உறுமலாக்கும் ஃபஸ் ஃபேஸ் என்கிற இரண்டு டிரான்சிஸ்டர் பெடல் சர்க்யூட்டை ஸ்ட்ரிப் போர்டில் (செம்புப் பட்டைகள் ஓடும் துளைப் பலகை) கட்டி, ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். சுவிட்சை அணைத்திருந்தால் கிட்டார் சுத்தமாகக் கேட்கிறது. பெடலை ஆன் செய்தால் சத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஓங்கி அடித்தால் மட்டும் ‘ப்ர்ர்’ என்று ஒரு உறுமல் வந்து, உடனே அறுந்துபோகிறது. பின்னணியில் ரேடியோ பேச்சு மெல்லக் கேட்கிறது. பேட்டரி இரண்டு நாள்கூடத் தாங்குவதில்லை. எல்இடியை 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக நேராகப் பேட்டரியில் கொடுத்திருக்கிறேன். சாக்கெட் இரண்டும் மோனோ. எல்லா ரெசிஸ்டரையும் கண்டன்சரையும் மாற்றிவிட்டேன். மூன்று முறை பிரித்துக் கட்டியாயிற்று. படத்தில் 2என்3904 என்று போட்டிருந்தது, கடையில் இல்லாததால் பிசி547 கொடுத்தார்கள். டிரான்சிஸ்டர் இரண்டும் நல்லவைதான், டயோடு டெஸ்ட்டில் பார்த்துவிட்டேன். புது பேட்டரி 9.1 வோல்ட். படத்தில் உள்ள பெயர்ப்படி, முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டர் 0, பேஸ் 0.64, கலெக்டர் 1.76. இரண்டாவதன் எமிட்டர் 1.10, பேஸ் 1.76, கலெக்டர் 1.16. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வாங்கிப் போட்டால் சரியாகுமா?

பதில்: தம்பி, விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்: “கடையில் இல்லாததால் பிசி547 கொடுத்தார்கள்.”

கடைக்காரரைத் திட்டாதீர்கள். அவர் கொடுத்தது நல்ல சரக்கு. கோளாறு கால்களின் வரிசையில். டிரான்சிஸ்டரின் தட்டையான முகத்தை உங்களைப் பார்த்து வைத்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். 2என்3904 என்றால் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547 என்றால் கலெக்டர், பேஸ், எமிட்டர். அது அமெரிக்க வரிசையில் வந்தது, இது ஐரோப்பிய வரிசையில் வந்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு. படத்தில் தட்டைப் பக்கம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையிலேயே நீங்கள் பிசி547-ஐச் சொருகியிருப்பீர்கள். எமிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கலெக்டரும் கலெக்டர் இடத்தில் எமிட்டரும் போய் உட்கார்ந்துவிட்டன.

“டயோடு டெஸ்ட்டில் பார்த்துவிட்டேன்” என்கிறீர்கள். ஆளை ஏமாற்றுவதே அந்தச் சோதனைதான். பேஸுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு டயோடு இருக்கிறது. இரண்டு வரிசையிலும் பேஸ் நடுவில்தான். எந்தப் பக்கமாக வைத்து அளந்தாலும் மீட்டர் 0.6, 0.7 என்று காட்டி “நல்லது” என்றுதான் சொல்லும். எது எமிட்டர், எது கலெக்டர் என்று அந்தச் சோதனை சொல்லாது.

கால் மாற்றிப் போட்ட டிரான்சிஸ்டர் செத்துக் கிடந்தால்கூடப் பரவாயில்லை, சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். அது அரைகுறையாக வேலை செய்யும், அதுதான் தொல்லை. செருப்பைக் கால் மாற்றிப் போட்டால் நடக்க முடியும் அல்லவா? ஓடத்தான் முடியாது. டிரான்சிஸ்டரைச் செய்யும்போதே எமிட்டர் பக்கத்தையும் கலெக்டர் பக்கத்தையும் வேறு வேறு மாதிரி செய்கிறார்கள். நேராக வைத்தால் 200, 300 மடங்கு பெருக்குகிற அதே பிசி547, திருப்பி வைத்தால் பத்து மடங்கு பெருக்குவதே அபூர்வம்.

இதை ஊகமாக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய வோல்டேஜ் அளவுகளும் இதையேதான் சொல்கின்றன. அந்த ஆறு எண்களை எழுதி அனுப்பியதற்கு உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். பெரும்பாலானவர்கள் “சத்தம் சரியில்லை” என்று மட்டும் எழுதுவார்கள்.

இரண்டாவது டிரான்சிஸ்டரைப் பாருங்கள். எமிட்டர் 1.10, கலெக்டர் 1.16. இடையில் வெறும் 0.06 வோல்ட். முழுக்கத் திறந்துவிட்ட குழாய் மாதிரி கிடக்கிறது. சிக்னல் மேலேயும் கீழேயும் ஆட இடமே இல்லை. இந்தச் சர்க்யூட்டில் அந்தக் கலெக்டர் பேட்டரியின் பாதியில், அதாவது 4.5 வோல்ட் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அது ஏன் முழுக்கத் திறந்தது? பேட்டரியிலிருந்து 33 கே (கே என்றால் ஆயிரம் ஓம்) ரெசிஸ்டர் வழியாக சுமார் 0.22 மில்லி ஆம்பியர் வருகிறது. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் முதல் டிரான்சிஸ்டர் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மிச்சம் ஒழுகுகிற சொட்டுதான் இரண்டாவதன் பேஸுக்குப் போக வேண்டும். உங்கள் பெடலில் முதல் ஆளுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. வந்ததெல்லாம் இரண்டாவதன் பேஸுக்குள் பாய்கிறது. முதல் டிரான்சிஸ்டருக்குத் தீனி கிடைக்கவில்லையா என்றால், கிடைக்கிறது. இரண்டாவதன் எமிட்டரையும் முதலாவதன் பேஸையும் இணைக்கும் 100 கே ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையில் 0.46 வோல்ட் விழுகிறது, அதாவது அதன் பேஸுக்குள் 4.6 மைக்ரோ ஆம்பியர் போகிறது. 300 மடங்கு பெருக்குகிற டிரான்சிஸ்டருக்கு இதில் ஆறில் ஒரு பங்கு போதும். இவ்வளவு ஊட்டியும் அசையவில்லை என்றால் பெருக்கும் சக்தி போய்விட்டது என்று அர்த்தம்.

ஓங்கி அடித்தால் மட்டும் உறுமல் வந்து அறுந்துபோவதற்கும் இதுதான் காரணம். சின்ன சிக்னலால் அந்தத் திறந்த குழாயை அசைக்கவே முடியவில்லை. பெரிய அடி விழும்போது அலையின் உச்சி மட்டும் கொஞ்சம் மூடித் திறக்கிறது.

அந்த எண்களில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இரண்டாவதன் கலெக்டர் வழியாக 0.92 மில்லி ஆம்பியர், பேஸ் வழியாகச் சுமார் 0.19, கூட்டினால் 1.1 மில்லி ஆம்பியர். அது எமிட்டருக்குக் கீழே உள்ள 1 கே பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வழியாக இறங்கினால் எமிட்டரில் 1.1 வோல்ட் வர வேண்டும். நீங்கள் அளந்தது 1.10. ஆகவே 33 கே, இரண்டாவதன் கலெக்டருக்கு மேலே வரிசையாக உள்ள 8.2 கே, 470 ஓம், கீழே உள்ள 1 கே பாட் நான்கும் சரியான இடத்தில், சரியான மதிப்பில் இருக்கின்றன. நீங்கள் பிடுங்கி மாற்றிய ரெசிஸ்டர்கள் எல்லாம் முதலிலேயே நன்றாகத்தான் இருந்திருக்கும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். முதன்முதலாகக் கட்டிய பூஸ்டர் ஒன்றில் இதே கால் குழப்பம். கண்டன்சர் மேல் கண்டன்சராக மாற்றி, ஒரு வாரம் கழித்துத்தான் மீட்டரைக் கையில் எடுத்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். கழற்றுவதற்கு முன்பு ஒன்று சொல்லிவிடுகிறேன்: மூன்று முறை ஈயம் வைத்து எடுத்த போர்டு அது. நான்காவது சூட்டில் செம்புப் பட்டை போர்டைவிட்டு உரிந்து வரலாம். அதனால் பழைய டிரான்சிஸ்டரை முழுசாகக் காப்பாற்ற நினைக்காதீர்கள். விலை சொற்பம். உடம்பைக் கட்டரால் வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவுங்கள். அந்த இடத்தில் மூன்று துளை உள்ள சாக்கெட்டைச் சாலிடர் செய்யுங்கள். பழைய ஐசி சாக்கெட்டிலிருந்து மூன்று துளையை வெட்டி எடுத்தாலும் போதும். இனிமேல் டிரான்சிஸ்டரை மாற்றிப் பார்க்கச் சாலிடரிங் அயர்னைத் தொடவே வேண்டாம். பிறகு ஒரு கத்தி முனையால் செம்புப் பட்டைகளுக்கு இடையே மெல்லக் கீறி விடுங்கள். முடியளவு ஈயம் இரண்டு பட்டையையும் சேர்த்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

புது பிசி547-ஐச் சொருகும் முன் மல்டிமீட்டரில் எச்எஃப்ஈ (பெருக்கும் மடங்கு) என்று வட்டமாக இருக்கும் சாக்கெட்டில், என்பிஎன் பக்கம் வைத்து அளவு பாருங்கள். பெயரின் கடைசியில் ‘பி’ என்று போட்டது 200 முதல் 450 வரை காட்டும், ‘சி’ என்று போட்டது 420 முதல் 800 வரை, ‘ஏ’ என்றால் 110 முதல் 220. அதே டிரான்சிஸ்டரை வேண்டுமென்றே திருப்பிச் சொருகிப் பாருங்கள், எண் தரைமட்டத்துக்கு விழும். புது ரகம் எது கையில் வந்தாலும் கால் வரிசையைக் கண்டுபிடிக்க இதுதான் என் வழி. கிடைத்தவற்றில் குறைவாகக் காட்டுவதை முதல் இடத்திலும் அதிகமாகக் காட்டுவதை இரண்டாவது இடத்திலும் வையுங்கள்.

அப்புறம், தட்டை முகம் படத்தில் இருப்பதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்க வேண்டும். பேஸ் நடுவிலேயே இருப்பதால் அரை வட்டம் திருப்பினால் போதும்.

திருப்பியதும் சத்தம் வந்துவிடும். ஆனால் வேலை முடிந்துவிடாது. சிலிக்கான் டிரான்சிஸ்டரோடு 8.2 கே போட்டால் இரண்டாவதன் கலெக்டர் 3 வோல்ட் சுமாருக்குத்தான் வரும். முதல் கலெக்டர் 1.3 அல்லது 1.4, இரண்டாவதன் எமிட்டர் 0.7 பக்கம் இருந்தால் எல்லாம் ஒழுங்கு. 8.2 கே ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கே டிரிம்மர் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பி மதிப்பை மாற்றும் சின்ன பாட்) ஒன்றை வையுங்கள். கலெக்டரில் மீட்டரை வைத்துக்கொண்டு 4.5 வோல்ட் வரும்வரை மெல்லத் திருப்புங்கள். டிரிம்மர் 6 கே பக்கத்தில் எங்கோ நிற்கும். அதற்குப் பிறகு மீட்டரை மூடிவைத்துவிட்டுக் காதால் கேளுங்கள். சிலருக்கு 5 வோல்ட்டில் பிடிக்கும், சிலருக்கு 4-இல். சத்தம் இன்னும் கம்மி என்று தோன்றினால் கலெக்டர் வழியில் உள்ள 470 ஓமை (எல்இடியில் இருப்பதை அல்ல) 1 கே ஆக்குங்கள். இந்தச் சர்க்யூட்டில் அவுட்புட்டை எடுப்பதே 470-க்கும் 8.2 கே-க்கும் நடுவிலிருந்துதான். கலெக்டரில் ஆடுவதில் பதினெட்டில் ஒரு பங்குதான் வெளியே போகிறது. 470 ஓமை மாற்றினால் டிரிம்மரை மறுபடி கொஞ்சம் சரிசெய்ய வேண்டிவரும்.

பேட்டரி விஷயம் தனி. எல்இடியில் 2 வோல்ட் போக மீதி 7 வோல்ட் 470 ஓமில் விழுகிறது என்றால் 15 மில்லி ஆம்பியர். பெடல் சர்க்யூட் மொத்தமே 1 மில்லி ஆம்பியர் சொச்சம்தான் குடிக்கிறது. கோயில் வருமானம் ஒரு பங்கு, விளக்கு எண்ணெய்ச் செலவு பதினைந்து பங்கு. சாதாரண 9 வோல்ட் பேட்டரியின் இருப்பு 400 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்தாலும் 25 மணி நேரத்தில் காலி. உங்கள் சாக்கெட் மோனோ என்பதால் கேபிளைப் பிடுங்கினாலும் இந்தக் குடி நிற்பதில்லை. எல்இடிக்கு 4.7 கே போடுங்கள், இப்போதைய எல்இடிகள் ஒன்றரை மில்லி ஆம்பியரிலேயே கண்ணுக்குத் தெரியும். இன்புட் சாக்கெட்டை ஸ்டீரியோவாக மாற்றி, பேட்டரியின் நெகடிவ்வை ரிங் காலில் கொடுங்கள். கிட்டார் கேபிளின் மோனோ பின் உள்ளே போகும்போது ரிங்கும் கிரவுண்டும் சேர்ந்து கரன்ட் ஓடும், பிடுங்கினால் நிற்கும். கடையில் வாங்குகிற பெடல்களிலும் பேட்டரிக்கு இதே ஏற்பாடுதான்.

ரேடியோவைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: டிரான்சிஸ்டரைத் திருப்பியதும் அது குறையாது, கூடும். கிட்டார் கேபிள் ஏரியல் ஆகிறது, முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் எமிட்டர் சந்தி டயோடு போல அலையைப் பிரித்தெடுத்துப் பேச்சாக்குகிறது, அதற்குப் பிறகு அந்தப் பேச்சைப் பெருக்கவும் இப்போது ஆள் வந்துவிடுகிறான். அதனால் பயந்து மறுபடி பிரிக்காதீர்கள். 101 என்று போட்ட சின்ன செராமிக் கண்டன்சர், அதாவது 100 பைக்கோ ஃபாரட், ஒன்றை முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில், கால்களுக்கு ஒட்டி வையுங்கள். அப்புறம் அந்தச் சோப்பு டப்பா. பிளாஸ்டிக் எதையும் தடுக்காது. அலுமினியப் பெட்டி உத்தமம்; பழைய தகர டப்பாவும் போதும், துளை போடுவதும் சுலபம். எவர்சில்வர் டிபன் பாக்ஸில் துளை போடப்போய் டிரில் பிட்டை முறித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் போக வேண்டாம். பெட்டியே கிரவுண்டோடு சேர்ந்திருக்க வேண்டும். போர்டின் அடியில் ஒரு அட்டையை வைத்து ஷார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்பு டப்பாவைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால் உள்பக்கம் முழுக்கச் செம்பு டேப் ஒட்டி கிரவுண்ட் கொடுங்கள்.

எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களையும் மாற்றியிருக்கிறீர்கள் என்பதால் திசையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2.2 மைக்ரோவின் பாசிட்டிவ் பேஸ் பக்கம். 22 மைக்ரோவின் பாசிட்டிவ் பாட்டின் நடுக்காலில், நெகடிவ் கிரவுண்டில்.

இத்தனையும் செய்து வோல்டேஜ்கள் எல்லாம் சரியாக வந்தும் சத்தம் இல்லையென்றால் சிக்னல் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. அதற்கு ஒரு பழைய கிட்டார் கேபிளைப் பலி கொடுங்கள். ஒரு முனையை வெட்டி, வலையைப் பெடலின் கிரவுண்டில் சேருங்கள். நடுக்கம்பியில் 104 என்று போட்ட கண்டன்சரைச் சாலிடர் செய்யுங்கள். பேட்டரி வோல்டேஜ் ஆம்புக்குள் போகாமல் அது தடுக்கும். மறுமுனை ஆம்பில், வால்யூமை நன்றாகக் குறைத்து. நண்பர் யாரையாவது கிட்டார் மீட்டச் சொல்லிவிட்டு, கண்டன்சரின் மறுகாலால் சர்க்யூட்டை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போங்கள்: இன்புட் சாக்கெட், முதல் பேஸ், முதல் கலெக்டர், இரண்டாவது கலெக்டர், 470 சேருமிடம், அவுட்புட் கண்டன்சரின் மறுபக்கம், வால்யூம் பாட்டின் நடுக்கால். முதல் பேஸில் கிட்டார் சத்தம் சட்டென்று இறங்கும். அது கோளாறு அல்ல, அந்த முனை கிட்டாரை அவ்வளவு பாரமாக இழுக்கும். முதல் கலெக்டரில் சத்தம் உயர வேண்டும், இரண்டாவது கலெக்டரில் காதைப் பிளக்க வேண்டும். எந்த இடத்தில் கேட்டு, அடுத்த இடத்தில் கேட்காமல் போகிறதோ அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குற்றவாளி. வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஆம்பைத் திறந்து இப்படித் தொடக்கூடாது. இது 9 வோல்ட் பெடல் என்பதால்தான் சொல்கிறேன்.

ஜெர்மானியத்துக்கு வருகிறேன். வேண்டாம். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி இந்த வட்டமான பெடலை விற்கத் தொடங்கியபோது உள்ளே ஜெர்மானியம்தான் இருந்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்துத்தான் அந்த வட்ட வடிவம் தோன்றியதாம். சில ஆண்டுகளில் அவர்களே பிசி108 என்ற சிலிக்கானுக்கு மாறிவிட்டார்கள். அந்த பிசி107, 108 வரிசையின் பிளாஸ்டிக் சட்டை போட்ட வாரிசுதான் உங்களிடம் இருக்கும் பிசி547. ஆக நீங்கள் படத்தில் இருந்த 2என்3904-ஐவிட அசல் சிலிக்கான் ஃபஸ் ஃபேஸுக்கு நெருக்கமான ஒன்றைத்தான், தெரியாமலே, வாங்கி வந்திருக்கிறீர்கள். ஐரோப்பியப் பெயர்களில் முதல் எழுத்து ‘ஏ’ என்றால் ஜெர்மானியம், ‘பி’ என்றால் சிலிக்கான். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஏசி128 கிடைப்பதுண்டு, அதை எடுத்துப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஜெர்மானியத்தில் எப்போதும் ஒரு கசிவு இருக்கும். சூடு பத்து டிகிரி ஏறினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஏசி அறையில் 4.5-இல் நிறுத்திய கலெக்டர், அக்னி நட்சத்திர மதியத்தில் பாளையங்கோட்டையில் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. போதாததற்கு ஏசி128 பிஎன்பி ரகம். பேட்டரி, எலக்ட்ரோலிட்டிக் எல்லாவற்றையும் தலைகீழாக்க வேண்டும். முதலில் இதை ஓடவையுங்கள்.

ஓடத் தொடங்கியதும் பெடலைக் கிட்டாருக்கு அடுத்ததாக, முதல் ஆளாக வையுங்கள். டியூனர் பெடல் இருந்தால் இதற்குப் பின்னால் போகட்டும். ஃபஸ் ஃபேஸுக்குக் கிட்டார் பிக்கப்பை நேராகத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் பிடிக்கும். நடுவில் பஃபர் (சிக்னலைத் தாங்கிக் கொடுக்கும் இடைச் சர்க்யூட்) உள்ள எதையாவது வைத்தால் கிறீச்சென்று கத்தும். நேராக இருந்தால் கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தாலே உறுமல் அடங்கிச் சுத்தமான ஒலி வந்துவிடும். சர்ச்சில் பாட்டுக்கு நடுவே பெடலை மிதிக்காமலே சமாளிக்க இது உதவும்.

டிரிம்மர் வைத்த பிறகு இரண்டாவதன் கலெக்டர் வோல்டேஜை மட்டும் எனக்கு எழுதுங்கள். 4-க்கும் 5-க்கும் இடையில் இருந்தால் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டேன். இன்னும் 1.16 என்றே நின்றால், புது டிரான்சிஸ்டரையும் பழைய திசையிலேயே சொருகியிருக்கிறீர்கள்.